ஸ்விங்கில் கை வைக்கும் முன்: அறுபது கடந்த கோல்ஃப் ஆட்டக்காரருக்கான பிழை நீக்கும் வழிமுறை

அறுபதைத் தாண்டியவர்கள் பயிற்சித் தளத்தில் என்னை நிறுத்திக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: “என் ஸ்விங்கில் என்ன தப்பு?” பெரும்பாலானோரிடம் கிளப் (பந்தை அடிக்கும் கோல்) அசைவதற்கு முன்பே தப்பு தெரிந்துவிடும். பிடித்திருக்கும் விதம், பந்து வைத்த இடம், தோள் பார்க்கும் திசை, வழுவழுப்பாகிப்போன கிரிப் (கைப்பிடி உறை), மூக்கில் இருக்கும் கண்ணாடி என்று ஏதோ ஒன்று. இதையெல்லாம் சரிபார்க்காமல் ஸ்விங்கை மாற்றப் போனால் பழையதும் போய்விடும், புதியதும் வராது. முப்பது வருடம் பழகிய உடம்பு ஒரு வாரத்தில் புது ஸ்விங் கற்றுக்கொள்ளாது.

அதனால் கீழே உள்ள வரிசை காசு செலவில்லாததில் தொடங்கிச் செலவு வைப்பதில் முடியும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துப் பந்தாவது அடித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். நன்றாகப் போன ஒரு பந்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படிக்கவும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரையில் கிடத்த இரண்டு நீளக் குச்சிகள். இல்லாவிட்டால் இரண்டு கிளப்களே போதும். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று. ஒரு கைபேசி.

மார்க்கரால் பந்தின் பின்பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கிளப்பின் முகத்தைப் பார்த்திருக்கும்படி பந்தை வைத்து அடித்தால், முகத்தில் எங்கே பட்டது என்று மை காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்விங்கைப் பற்றிப் பேசுவது வீண்.

கைபேசியை இடுப்பு உயரத்தில், உங்கள் கைகளுக்கு நேர் பின்னால், இலக்கைப் பார்த்து வைத்து ஒரு படம். நெஞ்சுக்கு நேர் எதிரே வைத்து இன்னொரு படம். கோணம் தள்ளிப்போனால் இல்லாத பிழை இருப்பதுபோல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பயிற்சியில் மட்டும். ஆட்டத்தின்போது திசை பார்ப்பதற்காகத் தரையில் கிளப்பைக் கிடத்தி அதை வைத்து நின்றால் இரண்டு ஸ்ட்ரோக் (கணக்கில் இரண்டு அடி) தண்டம். பிறகு கிளப்பை எடுத்துவிட்டாலும் தண்டம் போகாது.

## அறிகுறி: பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது

இதுதான் ஸ்லைஸ். முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். நேராகவோ இடப்பக்கமாகவோ புறப்பட்டு வலமாக வளைந்தால் ஸ்லைஸ். வலப்பக்கமே புறப்பட்டு வளையாமல் நேராகப் போனால் அது வேறு. அப்போது தோளும் காலும் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இடக்கை. பந்துக்கு முன் நின்று குனிந்து இடக்கையைப் பாருங்கள். விரல் முட்டிகள் எத்தனை தெரிகின்றன? ஒன்று அல்லது ஒன்றுமே இல்லை என்றால் பிடி பலவீனம். அடிக்கும் நேரத்தில் கிளப்பின் முகம் வலப்பக்கம் பார்த்துத் திறந்தே இருக்கும். இரண்டு முதல் மூன்று முட்டி தெரியும்வரை கையை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தெரியும் கோடு வலத் தோளைக் காட்ட வேண்டும். முதல் சில பந்துகள் இடப்பக்கம் பாயும். பயந்து பழைய பிடிக்குப் போய்விடாதீர்கள்.

விரல் மூட்டு வலி உள்ளவர்கள் கிளப்பை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிப்பார்கள், வலி குறையும் என்று. வலி குறையும்தான். கூடவே மணிக்கட்டு பூட்டிக்கொண்டு முகம் மூடாது. கொஞ்சம் தடித்த கிரிப் போட்டுவிட்டு மறுபடி விரல்களுக்கே கொண்டுவாருங்கள். அதற்காக மிகத் தடித்த கிரிப்புக்குப் போக வேண்டாம். அதிலும் கை புரளாமல் ஸ்லைஸ் திரும்ப வந்துவிடும்.

இறுக்கம். முழு பலத்தோடு நெரிப்பதைப் பத்து என்று வைத்துக்கொண்டால் நாலு, ஐந்தில் இருக்க வேண்டும். கிரிப் தேய்ந்து வழுக்கினால் கை தானாகவே எட்டுக்குப் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கழுவியும் பளபளத்தால் மாற்றுங்கள். மொத்தக் கோல்ஃப் செலவில் இதைவிட மலிவாக இவ்வளவு பலன் தரும் பொருள் வேறில்லை.

தோள். பந்து வலம் போகிறதே என்று இடப்பக்கம் குறிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் பந்து இன்னும் வளையும், இவர் இன்னும் இடம் பார்ப்பார். ஒரு கிளப்பைத் தோளுக்குக் குறுக்கே பிடித்து, அது காட்டும் திசையைப் பாருங்கள். கால் நேராக இருந்தும் தோள் இடப்பக்கம் பார்த்தால் பந்து அதிகம் முன்னால் இருக்கிறது என்று பொருள். பையிலேயே நீளமான கிளப்பான டிரைவருக்கு இடக் குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராகப் பந்து இருந்தால் போதும். இடக்கால் விரல்களுக்கு நேராக வேண்டாம்.

பட்ட இடம். டிரைவரின் முகத்தில் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) சேரும் பக்கமான ஹீலில் மை பட்டிருந்தால், ஸ்விங் ஒழுங்காக இருந்தாலும் பந்து வலமாகவே வளையும். அரை அடி தள்ளி நிற்க வேண்டாம். இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றால் போதும். உடம்பின் எடை கால் விரல்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும்.

மேலிருந்து வெட்டுவது. மேலே சொன்ன நான்கும் சரியாகி இன்னும் வளைகிறது என்றால்தான் இங்கே வர வேண்டும். பந்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பின்னால், டிரைவரின் துணி உறையை வைத்துவிட்டு மெதுவாக அடியுங்கள். உறையும் பறந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது.

வயதானவர்களிடம் இதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பலோ அறியாமையோ இல்லை. இடுப்பு திரும்ப மறுக்கிறது. உடம்பு திரும்பாததால் கை மட்டும் மேலே போகிறது. மேலே போன கைக்குக் கீழே வர வேறு வழி கிடையாது. “இன்னும் நன்றாகத் திரும்புங்கள்” என்று சொல்வதால் திரும்பாத இடுப்பு திரும்பிவிடாது. நிற்கும் விதத்தை மாற்றி அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வலக் காலை 5 முதல் 8 செ.மீ. பின்னால் இழுத்து வையுங்கள். வலப்பாத விரல்களை வெளிப்பக்கம் நன்றாகத் திருப்பி வையுங்கள். பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பை மேலே கொண்டுபோகும்போது, இடக் குதிகால் தரையை விட்டு எழும்பட்டும். கீழே வரும்போது முதல் வேலை அந்தக் குதிகாலைத் தரையில் ஊன்றுவது. கைகள் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

கருவி. டிரைவரின் லாஃப்ட்டை (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டினால் வளைவு குறையும். ஹீல் பக்கம் எடை வைத்து, முகம் எளிதாக மூடும்படி செய்த டிரைவர்களும் உண்டு. உங்கள் டிரைவரின் கழுத்தில் திருகாணி இருந்தால் காசு செலவில்லாமல் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* பிடி சரி, தோள் சரி, மை நடுவில் படுகிறது, ஆனாலும் உறை பறக்கிறது. ஒரு பயிற்சியாளரிடம் ஒரு வகுப்பு. பத்து வகுப்புக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

## அறிகுறி: பந்து இடப்பக்கம் பாய்கிறது

சுருக்கமாக முடித்துவிடலாம். நேராகவே இடப்பக்கம் போனால் தோள் இடம் பார்க்கிறது. நேராகப் புறப்பட்டு இடமாக வளைந்தால் குனிந்து இடக்கை விரல் முட்டிகளை எண்ணுங்கள். நான்கும் தெரிந்தால் இடக்கையைக் கொஞ்சம் திருப்பி இரண்டரைக்குக் கொண்டுவாருங்கள். அயர்னில் (தட்டையான உலோகத் தலைக் கிளப்) மட்டும் இடம் போய் டிரைவரில் போகவில்லை என்றால், அயர்னின் தலை தரையில் படியும் கோணம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை. வெட்டிய புல்லில் ஹீல் பக்கத் தடம் மட்டும் ஆழமாக இருக்கும். கிளப் பொருத்துபவர் அதை வளைத்துச் சரிசெய்து தருவார். எல்லா அயர்னையும் வளைக்க முடியாது, வார்ப்பில் செய்தவை சில உடையும். நீங்களே முயல வேண்டாம்.

## அறிகுறி: முன்னைப்போல் தூரம் போகவில்லை

முதல் கேள்வி: மெதுவாகக் குறைந்ததா, திடீரென்றா? சில வாரங்களில் தூரம் சரிந்து, கூடவே ஒரு கை அல்லது கால் பலவீனம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு என்று ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மெதுவாகக் குறைந்தது என்றால் இப்படிப் போங்கள்.

மை எங்கே படுகிறது? நடுவை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டாலே டிரைவரில் கணிசமான தூரம் போய்விடும். வேகம் குறைந்துவிட்டது என்று நொந்துகொள்பவர்கள் பலருக்கு வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. பந்து நடுவில் படவில்லை, அவ்வளவுதான். மூன்று சென்டிமீட்டர் கீழே தள்ளி டிரைவரைப் பிடித்து, முக்கால் வேகத்தில் அடித்துப் பாருங்கள். பந்து முன்னைவிடத் தூரம் போனால் பதில் கிடைத்துவிட்டது.

டீயின் (பந்தைத் தூக்கி வைக்கும் முளை) உயரம். கிளப்பைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி டிரைவரின் மண்டைக்கு மேலே தெரிய வேண்டும். பழைய சிறிய மரத்தலை காலத்துப் பழக்கத்தில் டீயைத் தரையோடு அழுத்தி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குதிகால். மேலே ஸ்லைஸில் சொன்னதுதான். இடக் குதிகாலை எழும்பவிட்டால் பேக்ஸ்விங் தானாக நீளும். குதிகாலைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு முதுகை முறுக்குவது இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் சொன்ன பாடம், உங்களுக்கு இல்லை.

பந்தின் உயரம். டிரைவர் பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் விழுகிறதா? குறைந்த ஸ்விங் வேகத்துக்கு லாஃப்ட் அதிகம் வேண்டும். 9 பாகை டிரைவர் வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர்களை எல்லா இடத்திலும் பார்க்கலாம். கௌரவத்துக்காக வைத்திருப்பார்கள். அதையே 12 பாகைக்கு மாற்றினால் பந்து காற்றில் நிற்கும். காசு கொடுப்பதற்கு முன் 3 வுட்டால் (டிரைவரைவிட லாஃப்ட் அதிகமான கிளப்) டீயிலிருந்து அடித்துப் பாருங்கள். அது டிரைவர் அளவுக்கே போனால் உங்களுக்கு லாஃப்ட் போதவில்லை.

நீள அயர்ன்கள். 3, 4, 5 அயர்ன்களைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) அல்லது 7 வுட். சோதனை எளிது: 5 அயர்னும் 6 அயர்னும் ஏறக்குறைய ஒரே தூரம் போகின்றனவா? போனால் 5 வெறும் சுமை. பையில் 14 கிளப் வரைக்கும்தான் அனுமதி. அடிக்க முடியாத ஒன்றுக்கு அதில் இடம் எதற்கு?

ஷாஃப்ட். அதன் விறைப்பு ஸ்டிஃப் என்று எழுதியிருந்தால் ரெகுலர், ரெகுலர் என்றிருந்தால் சீனியர் என்று ஒரு படி இறங்கிப் பாருங்கள். இந்தப் பெயர்களுக்குப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் சீனியர் மாதிரி இருக்கும். எழுத்தைப் பார்த்து வாங்காமல் அடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அயர்னில் எஃகு ஷாஃப்ட்டை விட்டுக் கிராஃபைட்டுக்கு மாறினால் எடையும் குறையும், கைக்கு வரும் அதிர்வும் குறையும்.

டீ இடம், அதாவது குழியின் முதல் அடியை அடிக்கும் இடம். இது ஸ்விங் பிழை இல்லை. ஆனாலும் தூரம் பற்றிப் புலம்புபவர்களில் பலருக்கு மருந்து இதுதான். டிரைவர் 200 கஜம் போகிறவருக்கு மொத்தம் 5,200 முதல் 5,400 கஜம் உள்ள தளம் பொருத்தம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 175 கஜம் என்றால் 4,400 முதல் 4,600. ஆறாயிரத்துக்கு மேல் நீளும் டீயில் நின்றுகொண்டு ஒவ்வொரு அடியையும் முழு பலத்தோடு அடித்தால் ஸ்விங் கெடத்தான் செய்யும்.

வயதை மட்டும் குறைசொல்ல வேண்டாம். 2009 பிரிட்டிஷ் ஓப்பனில், டர்ன்பெரியில், டாம் வாட்சன் 59 வயதில் கடைசிக் குழிவரை முன்னணியில் இருந்தார். அங்கே ஒரு பட் (குழிக்குள் பந்தை உருட்டிவிடும் அடி) விழாமல்தான் சமநிலை முறிப்புக்குப் போய் ஸ்டூவர்ட் சிங்க்கிடம் தோற்றார். இளைஞர்களைவிட நீளமாக அடித்து அவர் அங்கே வரவில்லை.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* மை நடுவில், டீ உயரம் சரி, பந்து மட்டும் உயரவில்லை. கிளப் பொருத்துபவரிடம் போங்கள். பயிற்சியாளருக்கு இங்கே வேலை குறைவு.

## அறிகுறி: பந்துக்கு முன்பே தரையில் கிளப் படுகிறது

முதலில் புல்தரையில் சோதியுங்கள். பயிற்சித் தளத்தின் செயற்கைப் பாய் இந்தப் பிழையை மறைத்துவிடும். கிளப் வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுத்துவிடும். பாயில் ராஜாவாக இருந்து மைதானத்தில் மண் அள்ளுகிறீர்கள் என்றால் பிழை புதிதாக வந்ததில்லை, முன்பும் இருந்ததுதான்.

புல்லில் ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோட்டின்மேல் பந்து இருப்பதாக நினைத்து 8 அயர்னால் வீசுங்கள். புல் வெட்டுப்படுவது கோட்டில் அல்லது கோட்டுக்கு இடப்பக்கம் தொடங்க வேண்டும். வலப்பக்கம் தொடங்கினால்:

பந்து வைக்கும் இடத்தை முதலில் மாற்றுங்கள். குட்டை அயர்ன்களுக்குப் பந்து இரு கால்களுக்கும் நடுவில் இருக்கட்டும். இதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, அடித்து முடித்த நிலையைப் பாருங்கள். இடக்காலில் நின்று, வலக்கால் நுனிவிரலில் மட்டும் ஊன்றி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க முடிகிறதா? பின்னால் சாய்ந்தால் எடை வலக்காலிலேயே தங்கிவிட்டது. இளைஞருக்கு இது பழக்கக் கோளாறு. உங்களுக்கு இடது முழங்காலோ இடுப்போ வலிப்பதால் உடம்பே அந்தப் பக்கம் போக மறுப்பதாக இருக்கலாம். வலி எதுவும் இல்லையென்றால் தொடக்கத்திலேயே எடையில் பாதிக்குமேல் இடக்காலில் வைத்துக்கொண்டு, அதை அங்கேயே வைத்துக் குட்டையாக அடித்துப் பழகுங்கள். பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். துண்டைத் தொடாமல் அடிக்க வேண்டும். வலி உண்டு என்றால் இடப்பாதத்தை இலக்குப் பக்கம் இன்னும் திருப்பி வையுங்கள். முழங்காலில் விழும் முறுக்கு குறையும்.

பேக்ஸ்விங்கில் உடம்பு திரும்பாமல் பக்கவாட்டில் வலம் நகர்வதும் ஒரு காரணம். வலது இடுப்புக்கு வெளியே ஒரு குச்சியை நட்டு, இடுப்பு அதில் மோதாமல் திருப்பிப் பாருங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* இடக்காலில் எடை வைத்தாலே முழங்கால் வலிக்கிறது என்றால் பயிற்சியாளர் வேண்டாம், இயன்முறை மருத்துவர் வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் மைதானத்தில் இறங்கக் கூடாது.

## அறிகுறி: பந்தின் மண்டையில் படுகிறது

பக்கத்தில் இருப்பவர் “தலையைத் தூக்கிவிட்டீர்கள்” என்பார். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் மருந்து இது. தலை தூக்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது விளைவு. காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

கண்ணாடி. இதை யாரும் சொல்வதில்லை. தூரப் பார்வையும் படிக்கும் பார்வையும் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்தால், குனிந்து பந்தைப் பார்க்கும்போது கண் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறது. அந்தப் பகுதி கைக்கெட்டும் தூரத்துக்குச் செய்தது. கால்மாட்டில் இருக்கும் பந்து மங்கலாக, இடம் மாறித் தெரியும். மேல்பகுதி வழியாகப் பார்க்கலாம் என்று தாடையை நெஞ்சில் அழுத்தினால் இடத் தோள் தாடையில் முட்டி உடம்பு திரும்பாது. சோதனை: தூரப் பார்வைக்கு மட்டுமான பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு இருபது பந்து அடியுங்கள். மாற்றம் தெரிந்தால் கோல்ஃபுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி. பந்து பறப்பதே தெரியவில்லை, வெயிலில் கூச்சம் அதிகம் என்றால் கண்புரையா என்று கண் மருத்துவரிடம் பாருங்கள்.

கை மடங்குவது. இறுக்கிப் பிடித்தால் முழங்கை மடங்கும். கிளப் அந்த அளவுக்கு மேலே ஏறும். பிடியைத் தளர்த்துங்கள்.

பந்தைத் தூக்கிவிட முயல்வது. கிளப்பிலேயே லாஃப்ட் இருக்கிறது. நீங்கள் தூக்க வேண்டியதில்லை. பந்தில்லாமல் ஒரு டீயைத் தரையோடு தரையாக நட்டு, அதை உரசிவிட்டுப் போகும்படி வீசிப் பழகுங்கள்.

எழுந்து நிற்பது. ஒரு நாற்காலியின் முதுகு உங்கள் பின்பக்கத்தை லேசாகத் தொடும்படி நின்று, பந்தில்லாமல் மெதுவாக வீசுங்கள். கீழே வரும்போது பின்பக்கம் நாற்காலியை விட்டு விலகினால் இடுப்பு பந்தை நோக்கித் தள்ளுகிறது. கால் நிமிர்கிறது, தலையும் எழுகிறது. நாற்காலியைத் தொட்டபடியே இடப்பக்கம் உரசிக்கொண்டு திரும்பிப் பழகுங்கள். வீட்டிலேயே செய்யலாம். தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கு இது வர நாளாகும்.

## அறிகுறி: பந்து கிளப்பின் கழுத்தில் பட்டு வலப்பக்கம் தெறிக்கிறது

ஷாங்க். இதற்குப் பெயர் சொன்னாலே சிலர் எழுந்து போய்விடுவார்கள். எடை கால் விரலிலா பாருங்கள். கிரிப்பின் நுனிக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கைமுட்டியும் கொஞ்சமும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். பந்துக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் தள்ளி ஒரு டீயை நட்டு, அதைத் தொடாமல் அரை ஸ்விங்கில் பந்தை மட்டும் எடுங்கள். ஐந்தாறு பந்தில் சரியாகவில்லை என்றால் அன்றைக்குப் பையைக் கட்டிவிடுங்கள். தொடர்ந்து அடித்தால் இது படிந்துவிடும்.

## அறிகுறி: மூன்றடிப் பட் விழவில்லை, கை உதறுகிறது

கண்ணாடியை முதலில் சந்தேகியுங்கள். மூக்கின் நடுவிலிருந்து ஒரு பந்தை விழவிட்டால் அது தரையில் உள்ள பந்தின்மேல் அல்லது அதற்குச் சற்று உள்பக்கமாக விழ வேண்டும். வெளிப்பக்கம் விழுந்தால் கிட்டே நிற்கிறீர்கள்.

உதறல் சின்ன பட்டில் மட்டும் வருகிறதா? அப்படியானால் பழகிய பிடியை உடைப்பதுதான் வழி. இடக்கையைக் கீழே வைத்துப் பிடியுங்கள், அல்லது வலக்கையை விரல்களால் மட்டும் பக்கவாட்டில் தொட்டுப் பிடியுங்கள். தடித்த கிரிப்பும் உதவும். நீள பட்டரும் (பட் அடிக்கும் கிளப்) வாங்கலாம். ஆனால் 2016 முதல் அதன் நுனியை உடம்பில் ஊன்றி அடிக்க விதியில் அனுமதி இல்லை. மார்பிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். முன்கையோடு ஒட்டிப் பிடிப்பதற்குத் தடை இல்லை. 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் வென்ற பெர்ன்ஹார்ட் லாங்கரே இந்த உதறலோடு பல வருடம் போராடி, பிடியையும் பட்டரையும் மாற்றி மாற்றித்தான் சமாளித்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* கையெழுத்துப் போடும்போதும் தம்ளர் பிடிக்கும்போதும் கை நடுங்கினால் அது பட்டர் பிரச்சினை இல்லை. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: பன்னிரண்டு குழிவரை நன்றாக, அப்புறம் எல்லாம் குலைகிறது

ஸ்விங்கைத் தொடவே வேண்டாம். காலில் தெம்பு தீர்ந்துவிட்டது. களைத்த கால் பந்துக்கு முன்னால் மண்ணில் அடிக்க வைக்கும், அல்லது பந்தை வலம் தள்ளும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இரண்டு குழிக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள். பாதியில் ஏதாவது சாப்பிடுங்கள். பையைச் சுமக்கிறீர்கள் என்றால் தள்ளுவண்டிக்கு மாறுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது முதுகுக்கு நல்லது. கடைசி ஆறு குழிகளில் ஒரு கிளப் பெரிதாக எடுத்து மெதுவாக வீசுங்கள்.

குழியிலிருந்து பந்தை எடுத்து நிமிரும்போது தலை சுற்றினால், பட்டரின் நுனியில் மாட்டும் ரப்பர் உறிஞ்சியை வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

## அறிகுறி: வலிக்கிறது

வலியோடு ஸ்விங்கைச் சரிசெய்ய முடியாது. உடம்பு வலியை ஒதுக்கப் புதுப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிடும்.

இடுப்பும் கீழ்முதுகும். வண்டியை விட்டு இறங்கி நேராக முதல் டீக்குப் போய் டிரைவரை வீசுவதுதான் முதல் காரணம். பத்து நிமிடம் நடை, உடம்பைத் திருப்பிப் பார்த்தல், அப்புறம் குட்டைக் கிளப்பான வெட்ஜால் குட்டை அடிகள், கடைசியில் டிரைவர். அடுத்து, கைபேசிப் படத்தில் பேக்ஸ்விங்கின் உச்சியை நிறுத்திப் பாருங்கள். மேல்முதுகு இலக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் முதுகுக்கு அதுதான் கெடுதல். குதிகாலை எழும்பவிட்டு ஸ்விங்கைக் குறுக்குங்கள். முடிக்கும்போது வில்லாக வளைந்து நிற்காமல் நேராக நில்லுங்கள். வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், பலவீனமானால் மருத்துவர். தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாதது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

முழங்கை. உட்பக்கமோ வெளிப்பக்கமோ, முதல் சந்தேகம் செயற்கைப் பாயில் அடித்த பந்துகளின் எண்ணிக்கை. பாதியாகக் குறையுங்கள், பாயிலும் டீ வைத்து அடியுங்கள். பிடியைத் தளர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் கிராஃபைட் ஷாஃப்ட். தம்ளர் தூக்கவே வலித்தால் ஓய்வு எடுங்கள். அது சில வாரம் நீடித்தால் இயன்முறை மருத்துவர்.

இடது உள்ளங்கையின் அடிப்பகுதி. சுண்டுவிரல் பக்கம், கிளப் நுனி அழுந்தும் இடத்தில் வலித்தால் விளையாடுவதை நிறுத்துங்கள். அங்கே கொக்கி வடிவில் ஒரு சிறு எலும்பு முனை உண்டு. தரையை ஓங்கி அடித்தால் அது முறியும். சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடக்கூடியது. கோல்ஃப் ஆடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள், அவர் சி.டி. ஸ்கேன் கேட்கக்கூடும்.

நெஞ்சு. இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வியர்வை. கிளப்பைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லுங்கள். குழியை முடித்துவிட்டுப் போகலாம் என்பது வேண்டாம்.

## ஆளிடம் போகும்போது

கிளப் பொருத்துபவரிடம் பழைய கிளப்களையும் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையும் கொண்டு போங்கள். களைத்த நாளில் போகாதீர்கள்; புத்துணர்ச்சியோடு, வேகமாக அடித்துக் காட்டவும் வேண்டாம். உங்கள் சாதாரண ஸ்விங்குக்குத்தான் கிளப் தேவை. பழைய டிரைவரையும் அதே கருவியில் அளக்கச் சொல்லுங்கள். புதியது நல்ல அடியில் எவ்வளவு போனது என்று பார்க்காமல், மோசமான அடியில் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள்.

பயிற்சியாளரிடம் மை பட்ட இடத்தின் படமும் இரண்டு கோணக் காணொளியும் போதும். எந்த மூட்டு மடங்காது, எந்தப் பக்கம் அறுவை நடந்தது, எந்த அசைவு வலிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கக்கூட நேரமில்லாமல் எடுத்த எடுப்பிலேயே உங்கள் பேக்ஸ்விங்கை நீட்டத் தொடங்குகிறாரா? அந்த ஒரு வகுப்போடு நிறுத்திக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.